பள்ளிவாசல் கணினியும் ஓர் அமானிதமே: மூலநிரலிலிருந்து புதுப்பித்தல் பற்றிய ஒரு விளக்கம்

2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை மீது கப்பம் கோரும் ரேன்சம்வெயார் தாக்குதல் ஒன்று நடந்தது. அரச நிறுவனங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அந்தக் காலப்பகுதிக்குரிய பேக்கப் பிரதி இருக்கவில்லை. பாவனையில் இருந்த மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதி நெருக்கடி போன்ற காரணங்களால் தள்ளிப்போனது.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசியவர்களில் பலர் ஹக்கர்களின் திறமையைப் பற்றியே பேசினார்கள். என்னைப் பொறுத்தவரை அதை விடப் பெரிய பாடம், 'பிறகு பார்ப்போம்' என்ற நமது பழக்கத்தில் இருக்கிறது. 2017 மே மாதம் உலகத்தையே கலக்கிய வன்னாக்ரை தாக்குதலிலும் இதுவே நடந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே வருடம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்களாக அதைப் போடாதிருந்த கணினிகளே வீழ்ந்தன. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளும் அவற்றில் அடக்கம்.

நம் கணினிக்குள் என்ன இருக்கிறது?

இது அரசுக்கும் பெரிய கம்பனிகளுக்கும் உரிய பிரச்சினை என்று நாம் நினைத்துவிடுகிறோம். நமது பள்ளிவாசல் நிர்வாகக் காரியாலயத்தில் இருக்கும் கணினியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மஹல்லாவின் குடும்பப் பதிவு அதில் இருக்கிறது. சந்தாக் கணக்கு, ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் விபரம், மத்ரஸாப் பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸகாத் பெறுவோரின் பட்டியல் இருக்கிறது. வாங்குபவரின் முகம் வாடக் கூடாது என்பதற்காக இருட்டிய பிறகு வீடு தேடிப் போய்க் கொடுத்த பெரியவர்கள் வாழ்ந்த சமூகம் இது. அதே பட்டியலை, பல வருடங்களாக ஒரு திருத்தமும் போடாத, யாரோ சீடியில் கொண்டுவந்து பதித்த திருட்டு விண்டோஸில் நாம் வைத்திருக்கிறோம்.

குடும்பங்களின் முகவரிப் பட்டியலும் கடைகளின் பட்டியலும் தவறான கைகளுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை இந்நாட்டு முஸ்லிம்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைத் திரட்டி வைத்திருப்பவர் மீது பொறுப்பைச் சுமத்துகிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே, ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பேண வேண்டும் என்பது நமக்கு மார்க்கக் கடமை.

திருட்டுப் பிரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988 டிசம்பரில் குவைத்தில் நடந்த சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் ஐந்தாவது அமர்வு, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வர்த்தகப் பெயர் ஆகியவை ஷரீஆவில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள் என்றும் அவற்றில் அத்துமீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி மென்பொருளைப் பாதுகாக்கிறது. ஆகவே திருட்டு விண்டோஸ் இரண்டு வகையில் சிக்கல். உரிமை நம்முடையதில்லை. அதை உடைத்துக் கொடுத்தவர் உள்ளே வேறு எதை வைத்தார் என்பதும் நமக்குத் தெரியாது. போதாக்குறைக்கு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

இலவசமாகவும் ஹலாலாகவும் ஒரு வழி

காசு கொடுத்து வாங்கலாம். அதற்கு வசதியில்லாவிட்டால் திறந்த மூலப் பணிசெயல் முறைமை ஒன்றைப் போடலாம். லினக்ஸ் பலருக்குத் தெரிந்த பெயர். நான் இங்கே எழுதப்போவது அதன் உறவுக்காரனான பிரீபிஎஸ்டி பற்றி. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யுனிக்ஸ் மரபில் வந்தது இது. முதல் பதிப்பு 1993 இல் வெளியானது. நாம் அன்றாடம் பாவிக்கும் வட்ஸ்அப் தனது ஆரம்ப காலத்தில் இதில்தான் ஓடியது. ஒரே சேவையகத்தில் 20 இலட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக 2012 இல் அந்நிறுவனமே அறிவித்தது. நெட்பிளிக்ஸ் வீடியோக்களை அனுப்பும் கணினிகள் இன்றும் இதில்தான் இயங்குகின்றன.

மட்டக்களப்பு–கல்முனை பிரதான வீதியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன களுதாவளையில் தமிழ் நண்பர் ஒருவரும் நானும் சிறிய கணினி நிலையம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறோம். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நமது பக்கத்தில் சொல்வார்களே, அப்படித்தான். அங்கிருக்கும் சேவையகத்தைப் பிரீபிஎஸ்டியில் ஓட்டுகிறோம். அதை அதன் மூலநிரலிலிருந்தே புதுப்பிக்கிறோம். ஏன், எப்படி என்பதைத்தான் இனி விளக்குகிறேன்.

மூலநிரல் என்றால் என்ன?

மருதமுனைக் கைத்தறிச் சாறனைக் கடையில் வாங்கினால் கட்டிக்கொள்ளலாம். எந்த நூலை எத்தனை இழை, எந்த வரிசையில் ஓட்டினார்கள் என்பது நெய்தவருக்கே தெரியும். அந்தக் கணக்கும் நூலும் தறியும் நம் கையில் இருந்தால் நாமே நெய்யலாம். பிழையான இழையைக் கண்டால் மாற்றலாம். விண்டோஸ் நெய்து முடித்த சாறன். பிரீபிஎஸ்டி சாறனையும் தரும், நெய்யும் கணக்கையும் தரும். மனிதர் வாசிக்கக்கூடிய அந்தக் கணக்கே மூலநிரல். அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் தறிதான் கொம்பைலர். அதுவும் அந்த முறைமையோடு சேர்ந்தே வருகிறது.

மூலநிரல் மூன்று கிளைகளாகக் கிடைக்கிறது. 'கரண்ட்' என்பது தினமும் மாறும் வேலைத்தளம். அதில் இன்றைக்கு ஓடுவது நாளைக்கு ஓடாமல் போகலாம். 'ஸ்டேபிள்' என்பது அங்கே சோதித்துப் பார்த்த மாற்றங்கள் வந்து சேரும் இடம். மூன்றாவது வெளியீட்டுக் கிளை. அதில் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைதிருத்தங்களும் மட்டுமே வரும். பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் உகந்தது இந்த மூன்றாவதுதான்.

புதுப்பிக்கும் ஒழுங்கு

வேலை தொடங்கும் முன் பேக்கப். ஹார்ட் டிஸ்க் இசட்எப்எஸ் முறையில் இருந்தால், இப்போதுள்ள முறைமையின் நிலையை ஒரு பெயரிட்டு அப்படியே பத்திரப்படுத்திவிடலாம். புதியது சரிவராவிட்டால் கணினியைத் திறக்கும்போது பழையதைத் தெரிவுசெய்தால் போதும். ஆனால் அது அதே டிஸ்கில் இருப்பதால் பேக்கப்புக்குப் பதிலாகாது. தரவின் பிரதி வேறொரு இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து, கிட் என்ற கருவியால் மூலநிரலை இறக்க வேண்டும். முதல் தடவை அது ஒரு ஜிபியைத் தாண்டும். அதன் பிறகு மாறிய பகுதிகள் மட்டுமே இறங்குவதால் டேட்டாச் செலவு குறைவு. இறங்கியதும் 'அப்டேட்டிங்' என்ற கோப்பை வாசிக்க வேண்டும். எதில் என்ன மாறியிருக்கிறது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று உருவாக்கியவர்களே திகதி வாரியாக அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் இடமும் இதுதான்.

மூன்றாவது படி 'பில்ட்வேர்ல்ட்'. கேர்னல் எனப்படும் கருவைத் தவிர்ந்த முழு முறைமையையும் மூலநிரலிலிருந்து உருவாக்குவது இது. நான்காவது 'பில்ட்கேர்னல்', அந்தக் கருவை உருவாக்குவது. இந்த இரண்டு படிகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் முறைமையில் எதுவும் மாறுவதில்லை. புதியவை ஒரு தனிக் கோப்புறையில் சேர்கின்றன, அவ்வளவுதான். ஆகவே இடையில் மின்சாரம் போனாலும் பயமில்லை. வந்த பிறகு மீண்டும் தொடங்கலாம்.

ஐந்தாவது படியில் புதிய கருவைப் பதித்துக் கணினியை மீளத் தொடக்க வேண்டும். பழைய கரு அழியாது. வேறு பெயரில் பக்கத்திலேயே இருக்கும். புதியது எழும்பாவிட்டால் பழையதைக் கொண்டு திறக்கலாம். ஏன் கரு முதலில்? புதிய கருவுக்குப் பழைய நிரல்களின் பேச்சு விளங்கும். பழைய கருவுக்குப் புதிய நிரல்கள் கேட்கும் சில சேவைகள் தெரியாமல் இருக்கலாம். வரிசையை மாற்றினால் கணினி நடுவழியில் நின்றுவிடக்கூடும்.

புதிய கரு ஒழுங்காக ஓடுகிறது என்று கண்ட பிறகு ஆறாவது படி, 'இன்ஸ்டோல்வேர்ல்ட்'. மின்வெட்டுக்குப் பயப்பட வேண்டிய நேரம் இதுதான். நிமிடக் கணக்கில் முடிந்துவிடும், ஆனால் அதற்குள் மின்சாரம் போனால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்கும். யூபிஎஸ் இல்லாமல் இந்தப் படியில் கைவைக்கக் கூடாது.

இந்தப் படியை ஒட்டி, அமைப்புக் கோப்புகளை இணைக்கும் வேலை இருக்கிறது. நாம் நமது தேவைக்கு மாற்றிய வரிகளும் அதில் இருக்கும், உருவாக்கியவர்கள் மாற்றிய வரிகளும் இருக்கும். 'ஈடிசி அப்டேட்' என்ற கருவி பழைய மூலப் பிரதி, புதிய மூலப் பிரதி, நமது பிரதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுத் தானாகவே இணைக்கும். இரண்டு தரப்பும் ஒரே வரியை மாற்றியிருந்தால் மட்டும் நம்மிடம் கேட்கும். பிறகு மீண்டும் ஒரு தடவை கணினியைத் தொடக்கி, வெளியிலிருந்து போட்ட மென்பொருள்களையும் புதுப்பித்து, தேவையற்ற பழைய கோப்புகளை நீக்கினால் வேலை முடிந்தது.

நமது பக்கத்தில் இது நடக்குமா?

நான்கு கோர் கொண்ட எங்கள் பழைய கணினியில் முழுவதையும் உருவாக்க நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாது. அதில் பெரும் பகுதியைக் கொம்பைலரே தின்றுவிடும், ஏனென்றால் தறியையும் சேர்த்தல்லவா நெய்கிறோம். இஷாவுக்குப் பிறகு தொடங்கிவிட்டுப் போனால் சுபஹுக்கு முடிந்திருக்கும். பக்கத்தில் காவலிருக்கத் தேவையில்லை.

எல்லாக் கணினிகளிலும் இதைச் செய்யவும் தேவையில்லை. கொஞ்சம் வலுவான ஒரு கணினியில் உருவாக்கி, அதையே வலையமைப்பு வழியாக ஏனைய கணினிகளில் பதிக்கலாம். பிரீபிஎஸ்டியின் கைநூலே இந்த முறையைச் சொல்லித் தருகிறது. ஓர் ஊரில் ஒரு கணினி உருவாக்கினால் அதே வகைக் கணினிகள் பத்துக்குப் போதும். காத்தான்குடியிலோ மருதமுனையிலோ ஒரு நிலையம் இதைச் செய்தால் சுற்றியுள்ள பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் பயன்பெறும்.

இஸ்னாத் பார்க்கும் சமூகம்

"ஓடுறத்த ஏன் தம்பி நோண்டுவான்?" என்று ஒரு ஹாஜியார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இறங்கும் திருத்தத்துக்குள்ளேயே நஞ்சு இருந்தால் என்ன செய்வது என்ற இன்னொரு கேள்வியும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல நமது மரபிலேயே ஒரு வழி உண்டு.

ஹதீஸ் கலையில் வாசகம் மத்ன், அறிவிப்பாளர் தொடர் இஸ்னாத். வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடரில் உள்ளவர் யார், அவர் நம்பகமானவரா, தொடர் எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்க்காமல் நமது அறிஞர்கள் ஏற்றுக்கொண்டதில்லை. கிட் முறையில் வைக்கப்பட்டிருக்கும் மூலநிரலுக்கும் அப்படியொரு தொடர் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைச் செய்தவரின் பெயர், நேரம், காரணம் பதிவாகிறது. ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் அதற்கு முந்திய பதிவின் எண்ணையும் சேர்த்தே கணிக்கப்படுவதால், நடுவில் ஒன்றைக் கள்ளமாக மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் பிசகிவிடும்.

இதன் அருமை 2024 மார்ச்சில் தெரிந்தது. உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் உள்ள எக்ஸ்இசட் என்ற சுருக்கல் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒருவர் இரகசியக் கதவு வைத்திருந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த அவர், இரண்டு வருடங்களுக்கு மேலாக நல்ல வேலைகள் செய்து நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகே இதைச் செய்தார். கதவைத் திறக்கும் முக்கியமான துண்டு கிட் பதிவில் இருக்கவில்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது. அதாவது தொடரில் இல்லாத ஒரு வரி கடைசிப் பிரதியில் நுழைந்திருந்தது. அன்ட்ரெஸ் பிரெயுண்ட் என்ற பொறியியலாளர், தனது கணினியில் உள்நுழைய அரைச் செக்கன் கூடுதலாக எடுப்பதைக் கண்டு, ஏன் என்று தோண்டிப் பார்த்து அதை வெளிக்கொண்டு வந்தார். மூலநிரல் திறந்து கிடந்ததாலேயே அவரால் தோண்ட முடிந்தது. பிரீபிஎஸ்டியின் மேம்பாட்டுக் கிளைகளுக்குள்ளும் 5.6.0 வந்திருந்தது. ஆனால் அந்த நச்சுத் துண்டுகளை உள்ளே எடுக்காமல், தமது சொந்தக் கட்டும் முறையையே அவர்கள் பயன்படுத்தியதால் அது பாதிக்கப்படவில்லை.

எனவே ஹாஜியாருக்கு நான் சொன்ன பதில்: ஓடுவதை நோண்டாவிட்டாலும் கள்ளன் நோண்டுவான். கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் பிழை, ஒன்றையும் ஏற்காமல் இருப்பதும் பிழை. எங்கிருந்து வருகிறது என்று பார்த்து எடுப்பதே நமது வழி.

மூலநிரல் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் சொல்ல மாட்டேன். யுனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தொம்சன், டியூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றி 1984 இல் வெளியான உரையில், கொம்பைலரே கெட்டிருந்தால் சுத்தமான மூலநிரலிலிருந்தும் கெட்ட நிரல் பிறக்கும் என்று விளக்கினார். இலட்சக்கணக்கான வரிகளை நாமே வாசிக்கவும் முடியாது. உலகில் வேறு வேறு கைகள் அதை வாசித்துக்கொண்டிருக்கின்றன என்பதே நமக்குள்ள ஆறுதல்.

யார் செய்ய வேண்டும்?

எல்லோரும் இதைச் செய்ய வேண்டியதில்லை. தயாராக நெய்த திருத்தங்களைச் சில நிமிடங்களில் போடும் வழியும் பிரீபிஎஸ்டியில் இருக்கிறது. ஒரு பள்ளிவாசல் காரியாலயத்துக்கு அதுவே போதும். லினக்ஸ் போட்டவர்களுக்கும் அப்படித்தான். உரிமத்தோடு வாங்கிய, ஆதரவுள்ள விண்டோஸைப் பாவிப்பவர் திருத்தங்களை ஒழுங்காகப் போட்டு வந்தால் அவர்மீதும் குறையில்லை. ஆனால் ஊருக்கு இரண்டு மூன்று பேராவது மூலநிரலிலிருந்து செய்யத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். மார்க்கத்தில் பர்ளு கிபாயா என்று சொல்கிறோமே, சிலர் செய்தால் மற்றவர் மீதுள்ள பொறுப்பு நீங்கும், யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் பொறுப்பாளிகள். அப்படியொரு வேலையாகவே இதை நான் பார்க்கிறேன். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் நமது பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, இதைக் கற்கவும் கற்பிக்கவும் நிர்வாகங்கள் இடம்கொடுக்கலாம்.

இந்த நாட்டவருக்கு அது முடியாத காரியமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி நமது கிழக்குக் கரையை வாரிக்கொண்டு போனபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய இலங்கை மென்பொருளாளர்கள் சில வாரங்களில் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். மூலநிரல் திறந்திருந்ததால் 2005 பாகிஸ்தான் பூகம்பத்தின் போதும் 2010 ஹெயிட்டி பூகம்பத்தின் போதும் மற்றவர்கள் அதை எடுத்துத் தமது தேவைக்கு மாற்றிப் பயன்படுத்தினார்கள். 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நலனுக்குரிய விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. கடல் பறித்த கரையிலிருந்து உலகத்துக்குப் போன ஸதகா அது என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை முன்வைக்குமாறு பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நமது கணினியில் ஓடும் பணிசெயல் முறைமைக்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா? கடைசியாக எந்தத் திகதியில் திருத்தம் போட்டோம்? மஹல்லாப் பதிவின் பேக்கப் பிரதி இந்தக் கட்டடத்துக்கு வெளியே எங்காவது இருக்கிறதா? பதில் தெரியாவிட்டால் அந்தக் கூட்டத்திலேயே ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொடுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பரிசோதிக்க ஆள் வைத்திருப்பது போல இதற்கும் ஓர் ஆள் இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு நாள் ஒழுங்காக நடந்தாலே பாதி ஆபத்து விலகிவிடும்.